கையில் ஜிபிஎஸ், மலையில் எந்த மேப்?

கையடக்க ஜிபிஎஸ் வாங்கியவர்கள் ஒரு வாரத்துக்குள் என்னிடம் வந்து கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "கம்ப்யூட்டர்ல எந்த மேப் சாஃப்ட்வேர் போடலாம்?" பழனி மலை, சிறுமலைப் பக்கம் தாவரக் கணக்கெடுப்புக்குப் போகும் குழுக்களில் வரைபட வேலை என் தலையில்தான் விழும். அதனால் கேள்வியும் என்னிடமே வந்து சேர்கிறது. "எந்த மலைக்குப் போறீங்க? அந்த மலைக்கு என்ன மேப் வச்சிருக்கீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அங்கேயே பலர் விழிப்பார்கள். மேப் என்பது சாஃப்ட்வேரோடு வருவதுதானே என்ற நினைப்பு.

அந்த நினைப்புக்குக் காரணம் உண்டு. இந்த விஷயத்தில் நாம் படிக்கும் ஆலோசனைகளில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அலாஸ்கா நீங்கலாக அந்த நாடு முழுவதையும் அரசே 1:24,000 அளவில் வரைந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறது. ஒரு காலத்தில் நேஷனல் ஜியோகிராஃபிக் அந்தத் தாள்களையே ஸ்கேன் செய்து, மென்பொருளோடு சேர்த்து சிடியில் விற்றது. டிலார்ம் என்ற நிறுவனம் தன் சொந்த வரைபடத்தோடு விற்றது (அதை 2016இல் ஜிபிஎஸ் கருவி செய்யும் கார்மின் வாங்கிவிட்டது). அங்கே சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்தால் மேப்பையும் தேர்ந்தெடுத்த மாதிரி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்படிக் கச்சிதமாக ஒரு பெட்டி கிடையாது. மேப்பை நாமே சேர்க்க வேண்டும், அந்தச் சேர்க்கும் வேலைக்கு எது கைகொடுக்கிறதோ அதுதான் நமக்கான சாஃப்ட்வேர்.

முதலில் கருவி எதை ஏற்கும் என்று பாருங்கள். கார்மின் இட்ரெக்ஸ் 10 வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது. அதில் வெளியிலிருந்து மேப் ஏற்ற முடியாது, புள்ளிகளையும் தடங்களையும் மட்டும் ஏற்றலாம். இட்ரெக்ஸ் 20எக்ஸ், 22எக்ஸ், 32எக்ஸ், ஜிபிஎஸ்மேப் வரிசை எல்லாம் இரண்டு வகை மேப்பை வாங்கிக்கொள்ளும். ஒன்று ஐஎம்ஜி கோப்பு. இது கோடும் புள்ளியுமாக இருக்கும், பெரிதாக்கினாலும் கலங்காது. இன்னொன்று கேஎம்இசட். இது படம், அதாவது ஸ்கேன் செய்த தாளைத் துண்டு துண்டாக வெட்டி உள்ளே வைப்பது. 22எக்ஸ்ஸின் திரை 2.2 அங்குலம், 240க்கு 320 பிக்சல். கம்ப்யூட்டரில் பார்க்க அழகாக இருக்கிற மேப் இந்தத் திரையில், அதுவும் உச்சி வெயிலில், பாசி பிடித்த சுவர் மாதிரித் தெரியும். மலை நிழல், சரிவு நிறம் எல்லாம் அணைத்துவிட்டு வெள்ளைப் பின்னணியில் கோடு மட்டும் காட்டும் மேப்தான் வெளியில் உதவுகிறது. எந்த மேப்பை இறக்கினாலும் ஊரிலேயே மொட்டை மாடியில் மத்தியானம் நின்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான் கருவி வாங்கிய கடையில் "இந்தியா மேப் போட்டே தர்றோம் சார்" என்று ஏற்றித் தந்தார்கள், அதற்குத் தனிக் காசு. திண்டுக்கல் பைபாஸில் எந்தப் பெட்ரோல் பங்க் எங்கே என்று அது சரியாகச் சொன்னது. மலைக்குள் போனதும் ஒரே பச்சைத் திட்டு. காண்டூர், அதாவது சம உயரக் கோடு, ஒன்றுகூடக் கிடையாது. கார் ஓட்டுபவருக்கான மேப் அது. விற்கிறவரிடம் "டோப்போ (ஏற்ற இறக்கம் காட்டும் மேப்) இருக்கா?" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார். "கொடைக்கானலைத் திறந்து சம உயரக் கோட்டைக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

சரி, மேப் எங்கிருந்து? எனக்கு இரண்டு ஊற்றுகள்.

ஒன்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் தொடங்கிய திட்டம், யார் வேண்டுமானாலும் வரையலாம். அதிலிருந்து கார்மினுக்கென்று ஐஎம்ஜி செய்து இலவசமாகத் தருபவர்கள் இருக்கிறார்கள். ஓப்பன்டோப்போமேப் தளத்தில் இந்தியாவுக்கான கோப்பும் காண்டூர் கோப்பும் கிடைக்கும். காண்டூர் தனிக் கோப்பாக வருவதில் ஒரு வசதி உண்டு: அது ஒளிபுகும் அடுக்காகக் கீழுள்ள மேப்பின் மேல் உட்காரும், வேண்டாதபோது கருவியிலேயே அணைத்துவிடலாம். பாதைகள் எந்த அளவுக்கு இருக்கும் என்பது அந்தப் பகுதியில் யார் நடந்து யார் வரைந்தார்கள் என்பதைப் பொறுத்தது. கொடைக்கானல் ஊரைச் சுற்றி நெருக்கமாக இருக்கும். வருசநாட்டுப் பக்கம் போனால் வெறிச்சோடிக் கிடக்கும்.

இன்னொன்று நம் சர்வே ஆஃப் இந்தியா டோப்போஷீட். மத்திய அரசின் நில அளவை நிறுவனம், 1767இல் தொடங்கியது. 1:50,000 தாள் ஒன்று 15 நிமிட அட்சம், 15 நிமிட தீர்க்கம், தரையில் பக்கத்துக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர். காண்டூர் இடைவெளி 20 மீட்டர். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று தனி வரிசை வந்தது, 2017 முதல் அதை இணையத்தில் பிடிஎஃப்பாக இறக்கவும் வழி செய்தார்கள். எனக்கு இந்தத் தாள்கள் மேல் ஒரு மதிப்பு உண்டு. விண்ணிலிருந்து ரேடாரில் அளந்து கணினி தானாக வரைந்த காண்டூரில் கிடைக்காத பல விஷயங்கள் இதில் இருக்கின்றன. பாறைச் சரிவுக்குத் தனிக் குறி, வற்றாத ஓடைக்கு நீலம், வற்றும் ஓடைக்குக் கறுப்பு, ஒற்றையடிப் பாதைக்கு விட்டு விட்டுச் சிவப்பு. ஓடை நீலமா கறுப்பா என்பது சித்திரை மாதத்தில் எத்தனை லிட்டர் தண்ணீர் தூக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும். குறைபாடு அதன் வயது. பாதை என்று போட்டிருக்கும் இடத்தில் இன்றைக்கு உண்ணிச்செடிப் புதர் ஆள் உயரத்துக்கு நிற்கும். புல்வெளி என்று காட்டிய மேட்டில் வாட்டில் மரம் மூடியிருக்கும்.

டோப்போஷீட் எண்ணைக் கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை போலத் தோன்றும், ஆனால் முறை எளிது. பழைய எண் முறையில் 58 என்பது 8 முதல் 12 வடக்கு, 76 முதல் 80 கிழக்கு வரை. அதை ஒரு டிகிரிக் கட்டங்களாக ஏ (A) முதல் பி (P) வரை பதினாறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பதினாறாக்குவார்கள். இரண்டு முறையும் வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாக எண்ணி வர வேண்டும். ஊட்டி 58 ஏ/11. கொடைக்கானல் 58 எஃப்/8. இதில்தான் வேடிக்கை. கொடைக்கானல் ஏரி கிட்டத்தட்ட 10.235 வடக்கு, 77.487 கிழக்கு. தாளின் விளிம்பு 10.25, 77.5. அதாவது ஏரிக்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வடக்கே போனாலும் கிழக்கே போனாலும் தாள் முடிந்துவிடும். ஊர் நான்கு தாள்களின் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. கொடைக்கானலுக்கு வேலை என்றால் எஃப்/7, எஃப்/8, எஃப்/11, எஃப்/12 நான்கையும் ஒட்டாமல் முடியாது. காகிதத்தில் செலோடேப், கணினியில் சாஃப்ட்வேர்.

ஒட்டும் வேலைக்கு நான் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இலவசம். தாளில் 5 நிமிடத்துக்கு ஒரு கோடு இருக்கும், ஒரு தாளில் 16 சந்திப்புகள் கிடைக்கும். அவற்றில் குறைந்தது எட்டைச் சொடுக்கி அட்ச தீர்க்கம் கொடுத்தால் தாள் பூமியில் தன் இடத்தில் போய் உட்காரும். இங்கே டேட்டம் என்ற ஒன்றைக் கவனிக்க வேண்டும், அதாவது பூமியின் எந்தக் கணித வடிவத்தை அடிப்படையாக வைத்து அட்ச தீர்க்கம் அளந்தார்கள் என்பது. பொதுமக்கள் வரிசைத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84இல் இருக்கின்றன, ஜிபிஎஸ்ஸும் அதுவே. ஆனால் மலையேறுபவர்களிடம் கைமாறிக் கைமாறிச் சுற்றும் ஸ்கேன்கள் பெரும்பாலும் பழைய எவரெஸ்ட் அளவையில் வரைந்தவை. இரண்டுக்கும் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். ஓடைக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்பதே மாறிப்போகும். க்யூஜிஐஎஸ்ஸின் பட்டியலில் கல்யாண்பூர் 1975 என்று இருக்கும், பழைய தாளுக்கு அதைத் தேர்ந்தெடுத்து, பிறகு டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதும் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏரிக்கரையை வைத்துப் பார்க்க வேண்டாம், நீர்மட்டத்தோடு அது ஏறி இறங்கும். பழைய பாலமோ சாலை முக்கோ நல்லது.

இப்போது அந்தத் தாளைக் கருவிக்குள் அனுப்பும் கணக்கு. இட்ரெக்ஸ் வகைகளில் கேஎம்இசட் மேப்புக்கு மொத்தம் 100 துண்டுகள்தான் அனுமதி, ஒரு துண்டு 1024க்கு 1024 பிக்சல். ஒரு டோப்போஷீட் தாள் பக்கத்துக்கு 55 செ.மீ. அதை அங்குலத்துக்கு 300 புள்ளியில் ஸ்கேன் செய்தால் சுமார் 6,500 பிக்சல் வரும், பக்கத்துக்கு ஏழு துண்டு, ஆக ஒரு தாளுக்கே 49 துண்டு. இரண்டு தாளோடு இடம் தீர்ந்தது. நான்கும் வேண்டும் என்றால் 200 புள்ளிக்கு இறங்க வேண்டும், அப்போது பக்கத்துக்கு ஐந்து துண்டு, நான்கு தாளுக்குச் சரியாக நூறு. ஆனால் நெருக்கமான சரிவில் காண்டூர் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்புக் கறையாகிவிடும். நான் செய்வது, நடக்கப்போகும் பள்ளத்தாக்கை மட்டும் 300இல் வெட்டி எடுத்துக்கொள்வது. மீதிக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஐஎம்ஜி போதும். க்யூஜிஐஎஸ்ஸில் இந்தக் கேஎம்இசட் வெட்டும் வேலைக்கென்றே ஒரு பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) இருக்கிறது. அதில் வரையும் வரிசை எண் என்று ஒன்று கேட்கும், 50 அல்லது அதற்கு மேல் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தாள் கருவியின் சொந்த மேப்புக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

இத்தனைக்கும் பிறகுதான் முதல் கேள்விக்கு வருகிறேன். தினசரி வேலைக்கு, அதாவது தடம் வரைவது, புள்ளி போடுவது, கருவிக்கு அனுப்புவது, திரும்பி வந்து இறக்குவது, இதற்கெல்லாம் எது?

கார்மினின் பேஸ்கேம்ப் இலவசம். விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், கருவியைச் செருகியதும் அடையாளம் கண்டுகொள்ளும். புதிதாக வருபவர் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அது கார்மின் வகை மேப்பைத்தான் காட்டும், ஒட்டி வைத்த டோப்போஷீட்டை நேரடியாகத் திறக்காது. புதிய அம்சங்கள் வருவதும் நின்று வெகுகாலமாகிறது. க்யூமேப்ஷாக் என்ற இன்னொன்று உண்டு, அதுவும் இலவசம், லினக்ஸிலும் ஓடும். முகப்பு கொஞ்சம் முரடு. முதல் நாள் எரிச்சல் வரும். ஆனால் பூட்டப்படாத ஐஎம்ஜி, க்யூஜிஐஎஸ்ஸில் ஒட்டிய தாள், இணைய மேப், உயரத் தரவு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எது எவ்வளவு தெரிய வேண்டும் என்று கூட்டிக் குறைக்கலாம். பழைய தாளில் இருக்கும் பாதைக்கும் இன்றைய செயற்கைக்கோள் படத்துக்கும் நடுவே அப்படிக் கூட்டிக் குறைக்கும் பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தால், எந்தப் பாதை உயிரோடு இருக்கிறது, எது செத்துப்போனது என்று வீட்டிலேயே பாதி தெரிந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு க்யூமேப்ஷாக்குக்கு. காசு கொடுத்து வாங்கிய பூட்டிய கார்மின் மேப்பை மட்டும் அது திறக்காது.

எதுவானாலும் தானாக வழி போட்டுத் தரும் வசதியை மலையில் அணைத்து வையுங்கள். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு போகும் பழைய சாலை வரைபடங்களில் இன்னும் கோடாக இருக்கிறது. பொதுப் போக்குவரத்துக்கு அது மூடப்பட்டு எத்தனையோ வருஷமாயிற்று. சாஃப்ட்வேருக்கு அது தெரியுமா?

சிறுமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பூமியை மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை மீட்டர் கணக்கில் சொல்வது யுடிஎம் முறை. அதில் தமிழ்நாடு இரண்டு மண்டலங்களில் விழுகிறது, 43, 44. எல்லைக் கோடு 78 டிகிரி கிழக்கு. அது சிறுமலை வழியாகத்தான் போகிறது. ஒரு முறை எங்கள் குழுவில் ஒருவர் யுடிஎம்மில் புள்ளி எழுதிக்கொண்டே வந்தார். 8,28,700 என்று ஓடிக்கொண்டிருந்த கிழக்கு எண், ஒரு காப்பித் தோட்டத்து வேலியைத் தாண்டியதும் 1,71,300 என்று காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று பேட்டரியைக் கழற்றி மாட்டினார். கருவியில் ஒரு குறையும் இல்லை, மண்டலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மண்டல எண்ணைச் சேர்த்து எழுதாத குறிப்பு அங்கே குப்பைக்குத்தான் போகும். நாங்கள் அதன்பின் சிறுமலைக்கு அட்ச தீர்க்கத் தசமத்திலேயே வேலை செய்கிறோம். சாஃப்ட்வேர் தேர்வில் இதையும் பாருங்கள்: இரண்டு மண்டலத்துப் புள்ளிகளை ஒரே கோப்பில் கலந்து கொடுத்தால் சரியாக இடம் போடுகிறதா என்று.

உயரத்திலும் நம் ஊருக்கென்று ஒரு தனிக்கதை உண்டு. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது பூமிக்கு வைத்துக்கொண்ட ஒரு கணித நீள்வட்டத்திலிருந்து. கடல்மட்டம் அதைவிட மிகவும் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, சுமார் 106 மீட்டர் பள்ளம். அதன் விளிம்பில்தான் தென் தமிழ்நாடு. பழனி மலையில் இந்த வித்தியாசம் 90 மீட்டரைச் சுற்றி வரும். கையடக்கக் கருவிகள் இதைத் திருத்தித்தான் காட்டுகின்றன. சில போன் செயலிகள் திருத்துவதில்லை. 2,133 மீட்டர் உயரக் கொடைக்கானலில் நின்றுகொண்டு போனில் 2,040 என்று பார்த்தால் டோப்போஷீட்டைச் சந்தேகப்பட வேண்டாம், செயலியின் அமைப்பில் கடல்மட்டத் திருத்தம் இருக்கிறதா என்று தேடுங்கள். 32எக்ஸ் மாதிரிக் காற்றழுத்தமானி உள்ள கருவி என்றால், காலையில் தாளில் உயரம் எழுதியிருக்கும் ஒரு புள்ளியில் நின்று சரிசெய்துவிட்டுக் கிளம்பலாம்.

இலவச காண்டூர்கள் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரில் அளந்த தரவிலிருந்து வருபவை. ரேடார் மரத்தின் தலையைப் பார்த்துத் திரும்பிவிடும். சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும் நம் மலையில், சோலை ஓரத்தில் இல்லாத மேடு ஒன்று காண்டூரில் முளைக்கும். பிறகு, 20 மீட்டர் இடைவெளி என்றால் 15 மீட்டர்ப் பாறைச் சுவர் இரண்டு கோட்டுக்கு நடுவே காணாமல் போய்விடும். 10 மீட்டர் காண்டூர் தருகிறேன் என்று சொல்லும் மேப்பைப் பார்த்து மயங்காதீர்கள். 30 மீட்டருக்கு ஒரு அளவு எடுத்த தரவிலிருந்து கோட்டை மட்டும் நெருக்கமாக வரைந்தால் விவரம் கூடிவிடாது.

மேப்பில் இல்லாததைச் சொல்ல ஆள் வேண்டும். எங்களோடு வரும் வழிகாட்டி அண்ணன் ஒருவர், மடிக்கணினியில் ஓடையைக் காட்டினால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "அங்கிட்டு நீலமா போட்டிருக்கான் சார், ஆனா பங்குனி பாதியிலயே வத்திரும். இந்தப் பாறைக்கு மேல ஒரு சுனை இருக்கு பாருங்க, அதுல எப்பவும் கிடக்கும். அது இதுல இல்ல." அந்தச் சுனையை அவர் முன்னாலேயே புள்ளியாக வைத்து, அவர் சொல்லும் பெயரையே எழுதிக் கருவிக்கு அனுப்பிவிடுவேன். இந்த வேலை எத்தனை சொடுக்கில் முடிகிறது என்பது எனக்கு மேப்பின் நிறங்களைவிட முக்கியம். பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியிருக்கிறது, என் கருவி தமிழ் எழுத்தைக் காட்டுவதில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழில் மட்டும் பெயரிட்ட இடங்களும் அதில் தெரியாமல் போகின்றன. எம்கேஜிமேப் என்ற கருவியால் ஐஎம்ஜியை நீங்களே செய்தால், எந்த மொழிப் பெயரை முதலில் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். கட்டளை வரியில் தட்டச்சு செய்யத் தயங்காதவர்களுக்கு அது.

நண்பர் அனுப்பிய தடத்தை ஏற்றும்போது புள்ளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். நொடிக்கு ஒரு புள்ளி என்று போனில் பதிந்த தடம் மூன்று மணி நேரத்திலேயே 10,000ஐத் தாண்டிவிடும். இட்ரெக்ஸ் அதற்கு மேல் வெட்டிவிடும், ஏறும் வழி இருக்கும், இறங்கும் வழி இருக்காது. க்யூமேப்ஷாக்கிலும் பேஸ்கேம்ப்பிலும் புள்ளியைக் குறைக்கும் வடிகட்டி உண்டு. பத்து கிலோமீட்டர் மலை நடைக்கு ஐந்நூறு புள்ளி தாராளம்.

போன் போதாதா என்பார்கள். ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, நானும் இரண்டாவதாக வைத்திருக்கிறேன். ஆனால் மழையில் தொடுதிரை சொன்ன பேச்சு கேட்காது. இட்ரெக்ஸ் இரண்டு டபுள்-ஏ பேட்டரியில் ஓடுகிறது, அது மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் இன்ரீச் வகையை மட்டும் ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்துவிடாதீர்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள்.

மேப்பில் பாதை இருப்பது வேறு, போக அனுமதி இருப்பது வேறு. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்தபின் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. அவற்றில் போகிறவருக்கு வழிகாட்டி கூடவே வருவார், ஐஎம்ஜி ஒன்றும் பேஸ்கேம்ப்பும் தாராளமாகப் போதும். டோப்போஷீட் ஒட்டும் வேலையெல்லாம் கணக்கெடுப்பு, ஆய்வு என்று அனுமதி வாங்கிப் பாதையை விட்டு இறங்குபவர்களுக்கு.

கடைசியாக, மேப்பை ஏற்றும் இடம். கருவியின் உள் நினைவகத்தைத் தொடாமல் மைக்ரோஎஸ்டி அட்டையில் போடுங்கள். அட்டையை ஃபேட் 32 முறையில் தயார் செய்து, கார்மின் என்று ஒரு கோப்புறை உண்டாக்கி, ஐஎம்ஜியை அதற்குள்ளும், கேஎம்இசட்டை அதனுள்ளே கஸ்டம்மேப்ஸ் என்ற கோப்புறையிலும் வையுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஐஎம்ஜி வந்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும், ஆகவே மலைப் பெயரையும் மாதத்தையும் சேர்த்துப் பெயரிடுவது நல்லது. ஏற்றியபின் கருவியின் மேப் பட்டியலில் பழையதை அணைத்துவிட்டுப் புதியது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கோப்பு கெட்டிருந்தால் சில சமயம் கருவி தொடக்கத் திரையிலேயே நின்றுவிடும். மேப் அட்டையில் இருந்தால் உருவி எடுத்துவிட்டு வேலையைத் தொடரலாம், உள் நினைவகத்தில் இருந்தால் அன்றைய நாள் போச்சு.